கினிப்பன்றிக்குக் கணக்கு உண்டு. கூலியாளுக்கு எங்கே கணக்கு?

"சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பயமில்லாமல் தடவலாம்" என்கிறான் களிம்பு விற்கிறவன். "சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பயமில்லாமல் தெளிக்கலாம்" என்கிறான் பூச்சிமருந்து விற்கிறவன். "சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பயமில்லாமல் தேய்த்துக் குளிக்கலாம்" என்கிறான் சோப்பு விற்கிறவன்.

நல்லது. நாம் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்கிறோம். எதன் மேல் சோதித்தீர்கள்? யாருக்குப் பயமில்லை?

இந்தக் கேள்விகளை நெய்வேலியில் நின்றுகொண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கம் பூமிக்கு அடியில் குடைந்த சுரங்கம் அல்ல. மேல் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி வெட்டும் திறந்த சுரங்கம். 1956இல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் 20ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கினார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு மின்சாரம் ஓட ஆரம்பித்தது. இவை எல்லாம் சரித்திரம். ஆனால் அன்று முதல் இன்று வரை மாறாத யந்திரம் ஒன்று அங்கே உண்டு. அதன் பேர் சூரியன். சித்திரை, வைகாசியில் அந்தப் பள்ளத்துக்குள் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் நெல் வயல், கரும்புக் கொல்லை, முந்திரிக் காடு. அங்கேயும் அதே வெயில். சுரங்கத்து ஒப்பந்தக் கூலியும் வயல் கூலியும் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியுமாக இருக்கிறார்கள். இருவருக்கும் சொந்தமில்லாத சொத்து ஒன்று உண்டு என்றால் அது நிழல்தான்.

ஆகவே வெயிலால் தோல் கெடுகிற விஷயம் டாக்டர்களின் விஷயம் மட்டுமல்ல. அது நமது விஷயம்.

மூன்று தினுசுப் புண்

தோல் கெடுவதில் தினுசுகள் உண்டு. அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் நம்மை யாரும் ஏமாற்றலாம்.

முதல் தினுசு, நேராகத் தாக்குவது. பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். இதற்கு வெயில் வேண்டியதில்லை. நிழலில் உட்கார்ந்தாலும் கை போகும்.

இரண்டாவது தினுசில் பொருளும் வெயிலும் சேர்ந்து எரிக்கின்றன. நிலக்கரித் தாரோடும் அதிலிருந்து இறக்கும் பிட்ச், கிரியோசோட்டு இவற்றோடும் பழகுகிற தொழிலாளிக்கு, அந்தத் தூசியோடு வெயிலில் இறங்கினால் முகமும் கழுத்தும் தீப்பட்டது போல் காந்தும். ராத்திரி ஷிப்டில் அந்தக் காந்தல் தெரியாது. நமது நாட்டு வைத்தியர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காட்டச் சொல்வார்கள். அளவு தப்பினால் கொப்புளம். மாடு மேய்க்கிறவனைக் கேட்டாலும் சொல்வான்: உண்ணிச்செடியை மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெடும், பிறகு வெயிலில் நின்றால் வெள்ளைத் தோல் உள்ள இடமெல்லாம் வெடித்துப் புண்ணாகும். நிழலில் கட்டினால் ஆறும். மாட்டுக்கு நிழல் வேண்டும் என்று தெரிந்த ஊர் இது.

மூன்றாவது தினுசுதான் பொல்லாதது. இதற்கு ஒளி ஒவ்வாமை என்று பேர். ஒரு பொருள் தோலில் படுகிறது. ஒன்றும் செய்வதில்லை. வெயில் பட்டதும் அந்தப் பொருள் வேறு உருவம் எடுத்து, தோலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்கிறது. முதல் தடவை ஒன்றும் தெரியாது. நாட்கள் போகும். பிறகு ஒரு நாள் அதே பொருள் துளி பட்டு, கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே போதும். முகம் வீங்கும், நீர் வடியும், அரிப்பு உயிரை எடுக்கும். இதைக் கிளப்பும் கதிர் மேகத்தையும் தாண்டும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். சிலருக்கு அந்தப் பொருளை விட்டுவிட்ட பிறகும் வருஷக் கணக்கில் வெளிச்சமே ஆகாமல் போய்விடுகிறது.

அடையாளம் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். நெற்றி, கன்னம், காதின் மேல்புறம், பிடரி, நெஞ்சில் சட்டை திறந்த இடம், புறங்கை, இவை சிவந்து தடிக்கும். மோவாய்க்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் சட்டைக்கு உள்ளேயும் அநேகமாகத் தோல் நன்றாக இருக்கும். சொறி சிரங்கு இப்படி வெயிலுக்குக் கோடு கிழித்து வராது.

சோப்பு செய்த வேலை

இது கற்பனை அல்ல. 1960ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஒரு தினுசு சோப்பு விற்றார்கள். கிருமியைக் கொல்லும் என்று விளம்பரம். அதில் கலந்திருந்த மருந்தின் பேர் டெட்ராகுளோரோசாலிசிலனிலைடு. பேர் வாயில் நுழையாது; ஆனால் பொருள் தோலில் நுழைந்தது. அந்தச் சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு, வெயிலில் போனால் முகமும் கையும் கிழிந்தது. 1961இல் வில்கின்சன் என்ற தோல் டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிகளை வரிசையாகக் குறித்து வைத்து, குற்றவாளி சோப்புதான் என்று காட்டினார். பிறகு மருந்தை எடுத்தார்கள். ஆனால் சோப்பை நிறுத்திய பிறகும் பலருக்கு வெளிச்சம் பகையாகவே நின்றது.

சோப்பிலும் அழகுப் பொருளிலும் போட்ட பிதியோனால் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியும் இதே வேலையைச் செய்தது. அமெரிக்க சர்க்கார் 1960களின் கடைசியில் அதை அழகுப் பொருள்களிலிருந்து விலக்கியது. முகச் சவரத்துக்குப் பிறகு பூசும் வாசனைத் தைலத்தில் கலந்த மஸ்க் அம்பிரெட் என்ற பொருளின் கதையும் இதுதான். அது 1970களின் கடைசியில் மாட்டிக்கொண்டது.

இனி கினிப்பன்றிக்கு வருவோம். பேர்தான் பன்றி, உருவத்தில் முயலுக்கும் எலிக்கும் நடுவான சாதுப் பிராணி. சல்பா மருந்தைப் பூசி வெயில் காட்டினால் ஒவ்வாமை வரும் என்று 1939இல் மனிதன் மேலேயே எப்ஸ்டைன் என்பவர் காட்டியிருந்தார். அதே சல்பா ஒவ்வாமையை 1957இல் கினிப்பன்றியிடம் வரவழைத்துப் பார்த்தார்கள். ஆனால் சோப்பில் போடும் கிருமிக்கொல்லிகளைச் சோதிப்பதற்கென்று வின்சன், போர்செல்லி என்ற இருவர் கினிப்பன்றி முறையை எழுதியது 1966இல். சோப்பு விற்று, ஜனங்கள் முகத்தைப் பறிகொடுத்து, டாக்டர் கண்டுபிடித்து, ஐந்து வருஷம் கழிந்த பிறகு! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

யாருடைய தோல் முதலில் சோதனைக்குப் போனது? கினிப்பன்றியின் தோலா, கூலிக்காரன் தோலா? பதிலை வாசகர்களே சொல்லட்டும்.

பன்றிக் கொட்டகையில் என்ன நடந்தது?

இன்னும் ஓர் உதாரணம். ஓலாகுவின்டாக்ஸ் என்று ஒரு மருந்து. ஐரோப்பாவில் பன்றிக் குட்டிகள் சீக்கிரம் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். பன்றி எத்தனை கிலோ ஏறும் என்று துல்லியமாகக் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் மூட்டையைப் பிரித்து, கையால் அள்ளி, தூசியைச் சுவாசித்துத் தொட்டியில் கொட்டுகிறவனின் தோல் என்ன ஆகும் என்று யார் பார்த்தார்கள்? 1980களில் பன்றி வளர்ப்பவர்களுக்கு முகமும் கையும் வெந்தன. சிலர் மருந்தை விட்டும் வெயிலில் தலைகாட்ட முடியாமல் போனார்கள். 1998இல்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பு அந்த மருந்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்துச் செய்தது.

பன்றியின் எடைக்குக் கணக்கு இருந்தது. பன்றிக்குத் தீனி போட்டவனுக்குக் கணக்கு இல்லை. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?

சட்டப் புத்தகத்தில் கினிப்பன்றி

"அது வெளிநாடு. நம் நாட்டில் சட்டம் இருக்கிறது" என்று சில கனவான்கள் சொல்வார்கள். ஆம், இருக்கிறது. அதையும் படித்துப் பார்ப்போம்.

நமது மருந்து விதிகளின் ஒய் அட்டவணையில் ஒளி ஒவ்வாமைக்கென்று ஒரு சோதனை எழுதப்பட்டது. 2019ஆம் வருஷத்துப் புது மருந்து விதிகளிலும் அது இடம் பெற்றது. ஆம்ஸ்டிராங், ஹார்பர் என்ற இருவர் பேரால் வழங்கும் முறை. எந்த மருந்துக்கு? வெளிச்சத்தோடு சேர்ந்து கெடுதல் செய்யும் என்று சந்தேகப்படத்தக்க மருந்துக்கு; வெண்புள்ளிக்குக் கொடுக்கும் மருந்து போன்றதற்கு.

முறை இதுதான். முதலில் 8 கினிப்பன்றிகள். நாலு வித பலத்தில் மருந்தைப் பட்டியாக ஒட்டி, புற ஊதாக் கதிர் காட்டியும் காட்டாமலும், எரிச்சல் தராத அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 10 கினிப்பன்றிகள் சோதனைக்கு, 5 ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு மணி நேரம் பட்டி. அப்புறம் சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல் கதிர். துவக்க நாளிலும், 2, 4, 7, 9, 11ஆம் நாட்களிலும் இப்படி. பிறகு ஓய்வு. 20 முதல் 24ஆம் நாளுக்குள் மறுபடி ஒரு தடவை பட்டி, கதிர். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும்.

எவ்வளவு சிரத்தை, பாருங்கள்! மணிக்கணக்கு, நாள்கணக்கு, கதிர்க்கணக்கு. அது மட்டுமல்ல. 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், சென்னையிலிருந்து ராஜ்யசபைக்குப் போன ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பலனாக வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கமிட்டி. 1998ஆம் வருஷத்து விதிகளின்படி எத்தனை பிராணி, எதற்காக, எங்கிருந்து வந்தது என்று ரிஜிஸ்தர். அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

இதை நாம் பரிகாசம் செய்யவில்லை. சரியான ஏற்பாடு என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். மருந்து தெளிக்கும் கூலியாள் வயலில் நிற்கிறான். அவன் மேலும் மருந்து படுகிறது. அவன் மேலும் கதிர் படுகிறது. அளவு பார்த்து அல்ல, காலை ஆறு மணி முதல் சாயந்திரம் வரை. அவன் முகத்தில் 24 மணி நேரம் கழித்து யார் மதிப்பெண் போட்டார்கள்? 48 மணி நேரம் கழித்து எந்த அதிகாரி வந்து பார்த்தார்? எந்த ரிஜிஸ்தரில் அவன் பேர் ஏறியது?

வயலே சோதனைக்கூடம்

பூஞ்சாணக் கொல்லிகளில் சில வெயிலோடு சேர்ந்து ஒவ்வாமை தருவதாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். 1968ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டமும் 1971ஆம் வருஷத்து விதிகளும் மருந்தோடு பழகும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும், டாக்டர் சோதனை நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தன. எழுதி வைத்தன! தோளில் தெளிப்பானும், முகத்தில் பழந்துணியும், காலில் செருப்புமில்லாமல் கரும்புக்கு மருந்தடிக்கும் தோழரைக் கேளுங்கள், அந்த உடையை எந்தக் கடையில் பார்த்தார் என்று.

பார்த்தீனியச் செடியை எல்லாரும் அறிவார்கள். 1950களில் புனே வட்டாரத்தில் அது கண்ணில் பட்டது. பி.எல்.480 என்ற பேரில் வந்த அமெரிக்கக் கோதுமையோடு சேர்ந்து வந்தது என்று நாடெங்கும் பேச்சு. எப்படி வந்திருந்தாலும் சரி. களை பிடுங்கும் கூலிக்காரனின் முகத்தில் அது ஏறியது. 1970களிலேயே அதனால் வரும் தோல் நோயைப் பற்றி டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். செடியின் தூசி காற்றில் பறந்து முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் படிகிறது. நாளாக ஆக, நோய் வெயில் படும் இடமெல்லாம் பரவுகிறது. சிலருக்குக் கடைசியில் வெயிலே ஆகாமல் போகிறது. களை எடுப்பதுதான் பிழைப்பு என்றிருப்பவளுக்குக் களையும் ஆகாது, வெயிலும் ஆகாது என்றால் அவள் சாப்பிடுவது எதை?

கடைசியில் ஒரு வரி

இத்தனை சோதனைக்கும் பிறகு என்ன கிடைக்கிறது? டப்பாவின் மேல், அல்லது உள்ளே மடித்து வைத்த காகிதத்தில், ஒரு வரி. அதுவும் இங்கிலீஷில்: வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

முதுகு வலிக்குத் தடவும் கீட்டோபுரோபன் களிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலோடு சேர்ந்தால் கடுமையான ஒவ்வாமை தரும் என்று தெரிந்து, 2010இல் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் பரிசீலித்தார்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, தடவிய இடத்தில் வெயில் படக்கூடாது, நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் படக்கூடாது என்றார்கள். முதுகு வலி யாருக்கு வருகிறது? மூட்டை தூக்குகிறவனுக்கு, நாற்று நடுகிறவளுக்கு. அவர்களைப் பார்த்து, வெயிலில் போகாதே என்கிறது காகிதம்!

எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையும், படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரைசியோபல்வின் மாத்திரையும் வெயிலில் தோலைக் கெடுக்கக்கூடியவை. எலிக்காய்ச்சல் யாருக்கு வருகிறது? சேற்றில் நிற்கிறவனுக்கு. படர்தாமரை யாரைப் பிடிக்கிறது? வியர்வையில் ஊறுகிறவனை. அவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குத்தான் போக வேண்டும்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த ஒரு வரி பாதுகாப்பு. வெயிலில் நின்று கூலி வாங்குகிறவனுக்கு அதே வரி, பட்டினி கிட என்ற கட்டளை. கம்பெனிக்கோ அது ஒரு கவசம். நாளைக்கு நோய் வந்தால், "நாங்கள் எழுதியிருந்தோமே, அவன் கேட்கவில்லை" என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். குற்றம் மருந்துக்கு அல்ல, முதலாளிக்கு அல்ல. வெயிலில் போன கூலிக்காரனுக்கு! நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இவர்கள் நிழலில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றி உபதேசம் செய்கிறார்கள்.

ஜீவகாருண்யம் பேசும் கனவான்களுக்கு

இங்கே இரண்டு தரப்பாரோடு நமக்கு வாதம் இருக்கிறது.

ஒரு தரப்பார் கருணை பேசுகிறவர்கள். 2014 மே மாதத்தில் அழகுப் பொருள்களைப் பிராணிகள் மேல் சோதிப்பதை இந்திய சர்க்கார் தடுத்தது. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்வதை அதே வருஷம் நவம்பரில் தடுத்தது. அதைக் கொண்டாடினார்கள். நாமும் வரவேற்கிறோம். முகப்பூச்சுக்காக ஒரு வாயில்லா ஜீவனை வதைப்பது நியாயமல்ல. ஆனால் கொண்டாட்டம் அங்கேயே நின்றுவிட்டது ஏன்? கினிப்பன்றியின் முதுகைப் பற்றிப் பேசிய வாய், அதே ரசாயனம் படும் கூலிப்பெண்ணின் முகத்தைப் பற்றி ஏன் பேசவில்லை?

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். அங்கே 1867இல் வள்ளலார் தருமச்சாலை கண்டார். ஜீவகாருண்யம் என்று அவர் பேசியது உண்மை. ஆனால் அவர் முதலில் செய்த காரியம் என்ன? பசித்தவனுக்கு அடுப்பு மூட்டினார். பிராணியிடம் கருணை, மனிதனிடம் பாராமுகம் என்று அவர் பிரிக்கவில்லை. இந்தக் கனவான்கள் பிரிக்கிறார்கள்.

இன்னொரு தரப்பார் நம்மவர்களே. "மனிதனுக்கே கதியில்லை, கினிப்பன்றிக்கு என்ன கவலை? ஆயிரம் கினிப்பன்றி போனாலும் ஒரு தொழிலாளி பிழைத்தால் சரி" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பிழைத்தால் சரிதான். பிழைக்கிறானா என்பதுதான் கேள்வி.

மருந்து விதிகளை ஒழுங்குபடுத்த ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் அதிகாரிகளும் மருந்துக் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் சர்வதேச சபை ஒன்று இருக்கிறது. அந்தச் சபையே 2013இல் என்ன சொல்லிவிட்டது? ஒளி ஒவ்வாமைக்குப் பிராணிகள் மேல் செய்யும் சோதனை மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தெரியாது. ஆகவே பொதுவாக அதைச் சிபாரிசு செய்வதில்லை. முதலாளிகளின் சபையே கைவிட்ட சோதனை அது. அதற்குப் பிறகும் நமது 2019ஆம் வருஷத்து விதிகளில் அதே 23 கினிப்பன்றிகள்! 2023 மார்ச்சில்தான் செல்களை வைத்துச் செய்யும் சோதனை முதலிய வேறு வழிகளுக்கும் நமது விதிகள் இடம் கொடுத்தன. ஆகவே கினிப்பன்றி செத்ததால் தொழிலாளி பிழைத்தான் என்ற கணக்கு சரியல்ல. கினிப்பன்றியும் போய், தொழிலாளியும் போகிறான்.

செல்களை வைத்துச் செய்யும் சோதனையிலும் மயங்க வேண்டாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின் மேல் பொருளைப் போட்டு ஒளி காட்டி, செல் சாகிறதா என்று பார்க்கும் முறையை 2004இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டார்கள். நல்ல முறை. ஆனால் அது நாம் சொன்ன இரண்டாவது தினுசை, அதாவது எரிவைக் கண்டுபிடிக்கும். மூன்றாவது தினுசான ஒவ்வாமைக்கு அது போதாது.

அப்படியானால் ஒளி ஒவ்வாமை தரும் பொருளை இதுவரை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது? மேலே சொன்ன கதைகளைத் திரும்பப் பாருங்கள். நோயாளி வந்தான், டாக்டர் அவனை விசாரித்தார்: என்ன வேலை, எதைத் தொட்டாய், எந்தச் சோப்பு, எந்தத் தீவனம் என்று. எழுதி வைத்தார். இன்னொருவன் வந்தான். அதையும் எழுதினார். எழுதி வைத்த கணக்குதான் சோப்பைப் பிடித்தது, தீவனத்தைப் பிடித்தது, வாசனைத் தைலத்தைப் பிடித்தது. பாடுபடுகிறவனின் நோயைக் கணக்கு எடுப்பதுதான் இதில் உண்மையான விஞ்ஞானம்.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. விஞ்ஞானம் நம் வாசலுக்கும் வர வேண்டும் என்கிறோம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் களிம்பும் ரசாயனமும் பூசிச் சோதித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பு மக்கள். கம்பெனிகள் பணம் கொடுத்தன. கைதிக்குக் கிடைத்தது சில்லறை. அந்த நகரம் மன்னிப்புக் கேட்டது 2022இல். பேரம் பேச முடியாதவனின் தோல் எப்பொழுதும் மலிவு. நமது கூலியாள் சிறையில் இல்லை. ஆனால் எதைத் தெளிக்கிறோம், எதைத் தொடுகிறோம் என்று அவனுக்கும் யாரும் சொல்வதில்லை.

நாம் கோருவது

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, ரசாயனமும் வர்ணமும் பட்டு வரும் தோல் நோயைச் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்று சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியல் இருந்தால் போதுமா? வெயில் என்ற சொல்லைக் கேட்காத டாக்டர், "சொறி" என்று எழுதிக் களிம்பு கொடுத்து அனுப்பினால் எதை அறிவிப்பது? தொழிற்சாலையே இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு எந்தப் பட்டியல்?

ஆகவே நாம் கோருகிறோம்:

1. தொழிலாளி தொடுகிற ஒவ்வொரு டிரம்மின் மேலும், ஒவ்வொரு மருந்து டப்பாவின் மேலும், அது என்ன பொருள், வெயிலோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்று தமிழில் எழுத வேண்டும்.

2. "வெயிலிலா வேலை?" என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த டாக்டரும் கூலியாளுக்குச் சீட்டு எழுதக்கூடாது. அதே நோய்க்கு வெயிலில் கெடுதல் செய்யாத வேறு மருந்து இருந்தால் அதையே கொடுக்க வேண்டும்.

3. வெயில் ஆகாது என்று டாக்டர் எழுதினால், நிழலில் வேலையும் அதே கூலியும் தர வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளிக்கும். விவசாயத் தொழிலாளிக்கு அந்த நாட்களின் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

4. ஒளி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் பட்டிச் சோதனை, பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தால் போதாது. முதுகில் இரண்டு வரிசைப் பட்டி ஒட்டி, ஒரு வரிசைக்கு மட்டும் கதிர் காட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் அதைச் செய்ய வேண்டும்.

5. ஒவ்வொரு நோயாளியின் வேலையையும், தொட்ட பொருளையும் எழுதும் ரிஜிஸ்தர் வேண்டும். தொழிற்சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் அதைப் பார்க்கும் உரிமை வேண்டும்.

6. பிராணி மேல் சோதித்தாலும், செல் மேல் சோதித்தாலும், முடிவு கம்பெனியின் ரகசியமாக இருக்கக்கூடாது. பயன் நிரூபணமாகாத பிராணிச் சோதனையை விதியிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பணத்தைத் தொழிலாளியைப் பரிசோதிக்கச் செலவிட வேண்டும்.

இவற்றைச் சர்க்கார் தானாகத் தரும் என்று நாம் நம்பவில்லை. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். முகத்திலும் புறங்கையிலும் தோல் கெட்ட தோழர் யார், எந்த வேலை, எந்த மருந்து, எந்தக் களிம்பு, வெயிலில் அதிகமாகிறதா, நிழலில் குறைகிறதா என்று தேதி போட்டு எழுதுங்கள். காலி டப்பாவை எறியாமல் வையுங்கள். டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள். இங்கிலாந்து டாக்டர் ஒரு சோப்பைப் பிடித்தது இப்படித்தான்.

23 கினிப்பன்றிகளுக்குக் கணக்கு எழுதத் தெரிந்த சர்க்காருக்கு, வெயிலில் நிற்கும் ஜனங்களின் கணக்கையும் எழுதத் தெரியட்டும். தெரியாது என்றால், நாம் எழுதிக் கொண்டுபோய் அதன் மேஜை மேல் வைப்போம்.